தண்ணீர்மலையானுக்குப் பால்குடம்: பினாங்கில் பூசத்துக்குப் போகிறவர்களுக்கு

பினாங்கில் தைப்பூசம் என்றால் மூன்று நாள். இது தெரியாமல் பூசத்தன்று காலையில் வந்து இறங்கி, அடிவாரக் கூட்டத்தில் நசுங்கி, தரிசனமும் சரியாகக் கிடைக்காமல் சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. வேண்டுதல் வைத்தவர்கள் அப்படி வரவேண்டாம். பூசத்துக்கு முதல் நாள் விடியுமுன்பே ஜார்ஜ் டவுனில் இருங்கள். நாம் மலையேறி முருகனைப் பார்ப்பதற்கு முன்னால், அவனே இறங்கி ஊரைப் பார்க்க வருகிற நாள் அது.

லெபோ பினாங் தெருவில், மசாலாக் கடைக்கும் புடவைக் கடைக்கும் இடையில் நகரத்தாரின் கோயில் வீடு இருக்கிறது. வெள்ளி ரதம் அங்கிருந்துதான் புறப்பாடு. 1894-ல் காரைக்குடியிலிருந்து கப்பலேறி வந்த ரதம். இன்றைக்கும் காளை பூட்டித்தான் ஓடுகிறது. டத்தோ கெராமாட் சாலை, ஜாலான் உத்தாமா, ஜாலான் கெபுன் பூங்கா என்று ஊர்ந்து, 1857-ல் எழுந்த தண்ணீர்மலை நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். ரதத்துக்கு ஒரு பகல் முழுக்கப் போதவில்லை என்றால், வழியெல்லாம் எத்தனை தட்டு ஏந்தி நிற்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2017 முதல் தங்க ரதமும் உண்டு. அது லெபோ குயினில் உள்ள மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வேலாயுதத்தைச் சுமந்து புறப்படும். எந்த ரதம் முன்னால், எது பெரிது என்று வாதம் செய்கிறவர்கள் செய்யட்டும். இரண்டு தெருவுக்கும் நடுவில் லெபோ கிங் ஒன்றுதான். கொஞ்சம் வேகமாக நடந்தால் இரண்டு புறப்பாட்டையும் கும்பிட்டுவிடலாம். 1833-ல் கட்டிய அம்மன் கோயிலில் அம்மாவிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு பிள்ளையின் ரதத்துக்கு நடப்பது நல்ல வரிசை.

ரதத்துக்குத் தட்டு எடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. நாதஸ்வரமும் தவிலும் வேட்டுச் சத்தம் போல உடையும் தேங்காயும் சேர்ந்த இரைச்சலில், பெயர் நட்சத்திரத்தைக் கத்திச் சொன்னாலும் குருக்கள் காதில் விழாது. ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி, வெற்றிலைக்கு அடியில் பாதி தெரிகிற மாதிரி வையுங்கள். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், பூ, கற்பூரம் போதும். ஆப்பிள், ஆரஞ்சு என்று கோபுரமாக அடுக்கிய தட்டைத் தலைக்கு மேல் தூக்கும்போது பாதிப் பழம் பின்னால் நிற்பவர் தலையில்தான் விழும். ரதம் நிற்கும் இடம் நம் கையில் இல்லை. தட்டுகள் அதிகமாகக் காத்திருக்கும் முச்சந்திகளில் நிற்கும் என்பதால், தனியாக நிற்காமல் நாலு தட்டு இருக்கிற இடத்தில் சேர்ந்து நில்லுங்கள்.

அந்த நிமிஷத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. காளைகள் நிற்கின்றன. மேலே நிற்கும் குருக்கள் குனிந்து ஒவ்வொரு தட்டாக வாங்குகிறார். கீழேயிருந்து ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்கிக் கொடுக்கிறாள். அது கை மாறி, கை மாறி மேலே போய், சாமி முன்னால் ஒரு கணம் இருந்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு அழுதபடி இறங்கி வருகிறது. தவமிருந்து பெற்ற பிள்ளை என்பது அந்தத் தாயின் முகத்திலேயே தெரியும். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி, இரண்டு கையிலும் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு, நாம் கும்பிடுகிற அதே முருகனைத் தன் பாஷையில் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார். மாலைகளுக்கு நடுவில் அவன் முகம் ஒரு கணம் இந்தப் பக்கம் தெரியும். அதற்கு மேல் என்ன வேண்டிக்கொள்வது? எழுதி வைத்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்து போகும்.

தேங்காய் உடைப்பது இந்த ஊரில் வேறு அளவு. ஒரு குடும்பம் ஒரு லோரித் தேங்காய் இறக்குவது இங்கே சர்வ சாதாரணம், அதிலும் சீனர்கள் நூற்றுக்கணக்கில் குவித்து, ஊதுபத்தி காட்டி, ரதம் நெருங்கும்போது வெறி பிடித்தாற்போல் உடைப்பார்கள். பார்க்க மெய்சிலிர்க்கும், ஆனால் ஓட்டுச் சில்லு முகத்துக்கு நேராகப் பறந்து வரும். குவியலுக்கு எதிரே நிற்காமல் பக்கவாட்டில், பத்தடி தள்ளி நில்லுங்கள். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு இளநீரும் சில்லும் கலந்த தார்ச்சாலை பெரிய சோதனை. இயந்திரம் வந்து ஓடுகளை வாரித் தள்ளும்வரை பொறுத்திருந்து, சாலையின் ஓரமாகவே போங்கள். நடுச்சாலையில் சில்லு நசுங்கித் தாரோடு ஒட்டிக்கிடக்கும். அதுதான் காலைக் கிழிக்கும்.

இனி பால்குடம். எவர்சில்வர் குடமே நல்லது. பித்தளை அழகுதான், செட்டியார் கோயிலைத் தாண்டி மேலே உள்ள மலைக்கோயிலின் 513 படிக்கு அது கனம். இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். குடத்தின் கழுத்துக்கு இரண்டு விரற்கடை கீழேயே பாலை நிறுத்துங்கள். விளிம்புவரை ஊற்றினால் நடக்கிற ஆட்டத்தில் வழிந்து, துணி நனைந்து, முடிச்சு இளகிவிடும். வாயில் வாழையிலைத் துண்டு, அதன்மேல் மஞ்சள் துணி, கழுத்தைச் சுற்றி நூலால் மூன்று நான்கு சுற்று. தலைக்குச் சும்மாடு கண்டிப்பாக வேண்டும். முந்தின இரவே பாலைக் குடத்தில் ஊற்றி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். பினாங்கு வெக்கையில் விடிவதற்குள் திரிந்துவிடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த பாலைப் புறப்படும் இடத்தில் வைத்து ஊற்றுவதே சரி.

நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். தை, மாசியில் பினாங்கில் மழை குறைவு, வெயில் அதிகம். காலை பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை பாதத்தைச் சுட ஆரம்பிக்கும். பெரிய காவடிகளும் அந்த நேரத்தில்தான் ஜாலான் கெபுன் பூங்காவை அடைத்துக்கொண்டு வரும். ஆகவே பால்குடக்காரர்கள் நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, விடியற்காலைக்குள் மலையேறிவிடுவது உத்தமம். படியில் சிந்திய பாலும் வியர்வையும் சேர்ந்து வழுக்கும். கைப்பிடிச் சுவரை ஒட்டியே ஏறுங்கள். ஏறுவது பெரிய கஷ்டமில்லை. நெரிசல் மேலே, சந்நிதியை நெருங்கும் கடைசிப் பகுதியில். அங்கே நின்றுவிட்டால் குடத்தைத் தலையிலிருந்து இறக்கி மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், பின்னாலிருந்து தள்ளும்போது தலையில் இருக்கிற குடம்தான் முதலில் சாயும்.

2012-ல் குடமுழுக்கு கண்ட மலைக்கோயில் விசாலமானதுதான். ஆனால் பூசத்தன்று சந்நிதிக்கு நேராக நிற்கக் கிடைப்பது ஓரிரண்டு நொடி. அந்த நொடியில் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, வெளியே வந்த பிறகு "சாமியைப் பார்க்கவே இல்லையே" என்று தவிப்பவர்கள் ஏராளம். வேண்டுதலைப் படியேறும்போதே சொல்லி முடித்துவிடுங்கள். முன்னால் போனதும் கண்ணைத் திறந்து வையுங்கள். குடத்தைக் கொடுத்த கை வெறுமையாக, தலை லேசாக, பால் வழியும் வெள்ளைக்குள்ளிருந்து அவன் பார்ப்பான். இத்தனை மாதம் நெஞ்சில் கனத்த எதுவோ அங்கேயே இறங்கிவிடும். முருகா, உன் கருணைக்கு ஈடு ஏது! பிழைத்து வந்த உயிர், கிடைத்த வேலை, கூடிய குடும்பம், எல்லாம் நீ போட்டது. இதை எழுதும்போதே வரிசையாகச் சொல்ல வந்தது கலைந்து போகிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர்ப் பந்தல்களில் சில, பக்திப் பாடல் என்ற பெயரில் ஒலிபெருக்கியை உச்சத்தில் வைத்துக் குத்துப்பாட்டு போடுகின்றன. அலகு குத்தி வருகிறவர் காதுக்குப் பக்கத்தில் அது என்ன பக்தியோ. அடிவாரத்துக்குப் பக்கம் "இங்கே நிறுத்தலாம்" என்று கைகாட்டி இஷ்டத்துக்குப் பணம் கேட்கும் ஆட்களிடம் சிக்காதீர்கள். காரையே எடுக்கவேண்டாம், சாலையும் மூடியிருக்கும். செருப்பை விடுதியிலேயே விட்டுவிடுவது நல்லது. அடிவாரத்தில் குவிந்த செருப்பில் தன் ஜோடியைத் தேடி எடுத்தவர் பாக்கியசாலி. கைப்பேசியை உயர்த்திக்கொண்டு காவடிக்கு முன்னால் பின்னோக்கி நடக்கிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது.

அதே பந்தல்கள்தான் நம்மை வாழவைக்கின்றன என்பதையும் மறக்கக்கூடாது. எலுமிச்சைச் சாதம், சாம்பார், வடை, மோர், ரோஸ் சர்பத் என்று வழி நெடுகக் காசில்லாமல் அன்பாகக் கொடுப்பார்கள். விரதக்காரர்களுக்கு அதுவே போதும், வெளியே சாப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஊரைச் சுற்றும்போது ஏமாந்துபோகிற இடங்கள் உண்டு. பழ ரோஜாக் பார்க்க மாங்காய், அன்னாசி, வெள்ளரிதான். மேலே ஊற்றும் கருப்புக் குழம்பு இறால் விழுது. கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கும், அதுவும் இறால்தான். ரொட்டியில் தடவும் காயாவில் முட்டை. ரொட்டி சானாய்க்குப் பருப்பு கேட்டாலும், மீன் குழம்பில் முக்கிய அதே கரண்டியால் ஊற்றிவிடுவார்கள். "தா மாவ் இக்கான், தா மாவ் உடாங், தா மாவ் தெலுர், தா மாவ் பெலாச்சான்" (மீன், இறால், முட்டை, பெலாச்சான் வேண்டாம்) என்று நான்கையும் சொல்லிவிடுங்கள். சைவம் என்று ஒற்றை வார்த்தையில் சொன்னால் காய்கறி என்று மட்டும் புரிந்துகொள்வார்கள். சீனரின் சைவக் கடைகள் நம்பகமானவை, பல இடங்களில் வெங்காயம் பூண்டும் கிடையாது. போலி இறைச்சி வகைகளில் மட்டும் முட்டை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லெபோ பினாங், லெபோ பாசார் பக்கம் நம்மவர் சைவ உணவகங்களில் இந்தக் கவலையே இல்லை. தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் தூவிய புத்து மாயாம் காலைக்கு உகந்தது, நம் இடியாப்பம்தான்.

நேர்த்திக்கடன் முடிந்த கையோடு கெங் குவீ சந்தில் ஒரு செண்டோல் சாப்பிடுங்கள். சீவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், குலா மெலாகா என்கிற தென்னைவெல்லப் பாகு, சிவப்பு அவரை, பச்சை நிற மாவு நூல், எல்லாம் சைவம். கலக்காமல் சாப்பிட்டால் மேலே வெறும் பாலாகவும் அடியில் ஒரே தித்திப்பாகவும் இருக்கும். வரிசை நீளமாக இருந்தால் நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்கள் வரிசைக்குப் போங்கள், சீக்கிரம் நகரும். ஜாதிக்காய்ச் சாறும் பினாங்கின் கைவண்ணம். வெயிலில் நடந்த வயிற்றுக்கு இதம். விரதம் முடித்து அசைவம் தொடுகிறவர்களுக்கு நாசி கண்டாரைப் பற்றி, அதாவது சோறும் கறிக்குழம்பும், யாரும் சொல்லவேண்டியதில்லை. கேம்பல் தெருவில் 1907-லிருந்து நடக்கும் கடையே இருக்கிறது.

2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பழைய நகரத்தைச் சுற்ற ஒரு காலைப்பொழுது போதும். செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், நம் மாரியம்மன், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நடைதூரத்துக்குள். குவான் யின் கோயிலில் ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாசலோடு கும்பிட்டுக்கொள்ளலாம்.

பூசத்துக்கு மறுநாள் மாலை வெள்ளி ரதம் தண்ணீர்மலையிலிருந்து திரும்பும். இரவெல்லாம் ஊர்ந்து, விடிந்த பிறகுதான் கோயில் வீடு சேரும். முதல் நாள் நெரிசலில் தட்டு எட்டாமல் போனவர்கள், வயதானவர்கள், சக்கர நாற்காலிக்காரர்கள் எல்லாம் இதற்கென்றே காத்திருக்கலாம். கூட்டம் குறைவு, நின்று நிதானமாக அர்ச்சனை செய்துகொள்ளலாம். கோலாலம்பூருக்கு பட்டர்வொர்த்திலிருந்து ரயில் பிடிக்கிறவர்கள் அதற்கும் அடுத்த நாள் டிக்கெட்டாக, பல வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். ஃபெரி இறங்கினால் ரயில் நிலையம் நடக்கிற தூரம்தான்.