வெயில் படும் கவுன்டருக்கு எந்த பில்லிங் மெஷின்?

திறந்தவெளியில் உணவு கவுன்டர் போடுகிறவர்கள் பில்லிங் மெஷின் தேடும்போது பெரும்பாலும் சாஃப்ட்வேரில்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் வெளியில் வைத்த மெஷினைப் படுக்க வைப்பது வெயிலும் எண்ணெய்ப் புகையும் தூசியும்தான். அதனால் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் கவுன்டர் வரப்போகிற இடத்தில் காலை, உச்சி, சாயங்காலம் என்று மூன்று வேளையும் போய் நில்லுங்கள். நிழல் எதுவரை விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். மேலே கூரை இருக்கிறதே என்று அசட்டையாக இருந்தால், நாலு மணி வெயில் சாய்வாக உள்ளே வந்து நேராகத் திரையில் அடிக்கும்.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் கணக்கில் சொல்வார்கள். சாதாரண டேப்லெட் 300 முதல் 500 நிட்ஸ் வரை தரும். நல்ல நிழலில் 500 போதும், வெளிச்சம் அதிகமான நிழலில் 700 வேண்டும், நேர் வெயிலுக்கு 1000க்கு மேல். 1000 நிட்ஸ் திரை வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த வெளிச்சம் பேட்டரியைக் குடிக்கும், திரையையும் சூடாக்கும். அதே பணத்தில் ஒரு பக்கத் தடுப்போ தட்டியோ போட்டு 500 நிட்ஸ் திரையை நிழலில் வைப்பது என் கணக்கில் நல்லது. வாங்கும்போது கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே காற்று இடைவெளி இல்லாமல் ஒட்டப்பட்டதா என்று கேளுங்கள். இடைவெளி இருந்தால் உள்ளே ஒரு பிரதிபலிப்பு கூடும், ஈரம் உறைந்து பனி மூட்டமும் கட்டும். இன்னொன்று: பில் போடுகிறவர் போலராய்டு கூலிங் கிளாஸ் போடுவார் என்றால், அதைப் போட்டுக்கொண்டே திரையை நேராகவும் படுக்கையாகவும் திருப்பிப் பாருங்கள். சில திரைகள் ஒரு திசையில் சுத்தமாகக் கறுத்துவிடும்.

அடுத்தது சூடு. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ். அது சுற்றியிருக்கும் காற்றின் கணக்கு. கறுப்பு உறைக்குள் வெயிலில் இருக்கும் டேப்லெட்டின் உள்சூடு அதைவிட எங்கோ மேலே போயிருக்கும். முதலில் திரை தானாக மங்கும், பிறகு சார்ஜ் ஏறாது, கடைசியில் சூடு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பிளக்கில் சொருகியிருந்தும் பேட்டரி இறங்குகிறது என்றால் பலர் சார்ஜரை மாற்றிக்கொண்டிருப்பார்கள், குற்றவாளி சூடு. வெளிர் நிற உறை, முதுகில் 3 அல்லது 4 செ.மீ. காற்றோட்டம், அடுப்பிலிருந்தும் குளிர்பெட்டியின் சூடு காற்று வரும் பக்கத்திலிருந்தும் தள்ளிய இடம், இந்த மூன்றும் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். டேப்லெட்டுக்குப் பதிலாக, திரையும் கம்ப்யூட்டரும் ஒன்றாக இருக்கும் முழு பில்லிங் டெர்மினல் எடுப்பதானால் ஃபேன் இல்லாததாக எடுங்கள். ஃபேன் எண்ணெய்த் துளியையும் மாவுத் தூசியையும் உள்ளே இழுத்து, சில மாதத்தில் போர்டின் மேல் பிசுக்குப் பாயே விரித்துவிடும்.

ஈரக் கை இன்னொரு தலைவலி. இன்றைய தொடுதிரைகள் விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீரும் அதற்கு விரல்தான். யாரும் தொடாமலே ஆர்டரில் ஒரு ஐட்டம் ஏறிவிடும். கடையில் பார்க்கும்போதே திரையில் நாலைந்து சொட்டு தெளித்து, துடைக்காமல், நீங்கள் பயன்படுத்தப்போகும் கையுறையோடு ஐந்து ஐட்டம் பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

தூசியையும் தண்ணீரையும் மெஷின் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஐபி54 என்றால் ஓரளவு தூசி, எல்லாப் பக்கத்துச் சாரல். ஐபி65 என்றால் தூசி புகாது, குழாயிலிருந்து மெதுவாகப் பீய்ச்சும் தண்ணீரும் புகாது. கூரைக்குக் கீழே 54 போதும். ஆனால் அந்தச் சோதனைகள் வெறும் தண்ணீரில், எல்லா மூடிகளும் மூடிய நிலையில் நடப்பவை. சார்ஜ் கேபிளைச் சொருக ரப்பர் மூடியைத் திறந்த நொடியே அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எண்ணெய் ஆவியைப் பற்றி அது எதுவும் சொல்வதுமில்லை.

இனி பிரின்டர். வெளிக் கவுன்டரில் அதிகம் தொல்லை தருவது இதுதான், ஆனால் எல்லோரும் கடைசியில் யோசிப்பதும் இதைத்தான். வாடிக்கையாளர் பில்லுக்குத் தெர்மல் பிரின்டர் சரி. அடுப்புக்குப் பக்கத்தில் ஆர்டர் சீட்டு அடிக்க அது சரிவராது. தெர்மல் காகிதத்தை எழுத வைப்பதே சூடு. சூடான தட்டுக்கு அருகில் சொருகி வைத்த சீட்டு மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, பிறகு முழுக்கக் கறுத்து, என்ன ஆர்டர் என்றே தெரியாமல் போகும். அங்கே ரிப்பன் வைத்து ஊசியால் குத்தி அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர்தான் நிற்கும். சத்தம் போடும், மெதுவாக ஓடும், ஆனால் சீட்டு அழியாது. அந்தச் சத்தமே ஆர்டர் வந்ததற்கு மணி அடித்த மாதிரி.

காகித அகலத்தில் 80 மி.மீ. எடுங்கள். சாதாரண எழுத்தில் வரிக்கு 48 ஆங்கில எழுத்து விழும், 58 மி.மீ.யில் 32தான். தமிழில் ஐட்டம் பெயர் அடிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரும்பாலான பிரின்டர்களில் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது. சாஃப்ட்வேர் அதைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும். அதனால் வேகம் குறையும், நீளமான பெயர் 58 மி.மீ.யில் இரண்டு மூன்று வரியாக உடையும். வாங்கும் முன் உங்கள் மெனுவிலேயே நீளமான பெயரை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

காற்றை மறக்கக் கூடாது. பிரின்டரில் காகிதத்தை வெட்டும் கட்டர் இரண்டு விதமாக வெட்டும். முழு வெட்டில் சீட்டு தனியாக விழுந்து அடுத்த காற்றில் பறக்கும். அரை வெட்டு நடுவில் ஒரு சிறு துணுக்கை விட்டுவைக்கும், கை இழுக்கும்வரை சீட்டு பிரின்டரிலேயே தொங்கும். பல மாடல்களில் இது செட்டிங்கில் ஒரே ஒரு தேர்வு, வெளிக் கவுன்டருக்கு எப்போதும் அரை வெட்டு. காகிதம் மேலே வருவதைவிட முன்பக்கம் வரும் மாடல் மேல், வாய்க்குள் தூசியும் சாரலும் இறங்காது. உபரி ரோல்களை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள். ஈரம் குடித்த ரோல் உப்பிச் சிக்கும், வெயில் பட்டது மங்கும். அச்சில் வெள்ளைக் கோடு நீளமாக ஓடினால் உடனே அச்சடிக்கும் ஹெட்டை மாற்றாதீர்கள். ஆறவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பாருங்கள், பாதி நேரம் அழுக்குதான்.

பிரின்டரை ப்ளூடூத்தில் இணைக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. கூட்டத்தில் எல்லாருடைய போனும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் கத்திக்கொண்டிருக்கும், மனித உடம்பும் அந்த அலையை நன்றாக விழுங்கும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், வெளிப்பக்கம் ஓடுவது வெயில் தாங்கும் உறை போட்ட கேபிளாக இருக்கட்டும். பிரின்டருக்கு ரவுட்டரில் நிரந்தர ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண், மேலே சொன்ன ஐபி54 வேறு) ஒதுக்கிவிடுங்கள். இதைச் செய்யாததால்தான், கரன்ட் போய் வந்ததும் முகவரி மாறி, “பிரின்டர் கிடைக்கவில்லை” என்று திரை சொல்லும். பிரின்டரில் கோளாறே இருக்காது.

கல்லாப்பெட்டி பிரின்டரிலிருந்துதான் திறக்கும். பிரின்டர் பெரும்பாலும் 24 வோல்ட் துடிப்பு ஒன்றை அனுப்பும். அந்த ஜாக் பழைய தொலைபேசி ஜாக் மாதிரியே இருக்கும், வேறு எதிலும் சொருகிவிடாதபடி பெயர் ஒட்டி வையுங்கள். பெட்டியை மேஜையில் போல்ட் போட்டு இறுக்குங்கள், நோட்டு அமுக்கும் கிளிப் உள்ளதாகப் பாருங்கள். கையால் திறக்கும் சாவி பெட்டிக்குள்ளேயே கிடந்தால் கரன்ட் போன நேரத்தில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கார்டு மெஷினை ஸ்டீல் மேஜையில் படுக்க வைத்தால், தட்டிச் செலுத்துவது அடிக்கடி தோற்கும். அந்த ஆன்டெனா 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது, அடியில் உலோகம் இருந்தால் தடுமாறும். 3 செ.மீ. மரத்துண்டோ பிளாஸ்டிக் ஸ்டாண்டோ போதும். வாடிக்கையாளர் போனிலிருந்து பார்கோடு படிக்க வேண்டுமென்றால் கேமரா வகை ஸ்கேனர் எடுங்கள், பழைய லேசர் ஸ்கேனர் போன் திரையில் தடுமாறும். ஆஃப்லைனில் கார்டு வாங்கும் வசதி இருந்தால் ஒரு உச்சவரம்பு வையுங்கள். பின்னால் வங்கி மறுத்தால் நஷ்டம் கடைக்குத்தான். இன்டர்நெட்டுக்கு இரண்டு சிம் போடும் ரவுட்டர் எடுங்கள், இரண்டும் வேறு வேறு நிறுவனத்தின் சிம்மாக.

மின்சாரக் கணக்கு சுலபம். டேப்லெட் 12 வாட், ரவுட்டர் 10, பிரின்டர் சராசரி 10 (அடிக்கும் நொடியில் 50ஐத் தாண்டும்), கார்டு மெஷின் 5. மொத்தம் 40 என்று வையுங்கள். 8 மணி நேரத்துக்கு 320 வாட்-மணி, இழப்பும் கையிருப்பும் சேர்த்து 450. மேஜைக்கு அடியில் வைக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி, அதாவது காகிதத்தில் 84 வாட்-மணி. அது ஒரு மணி நேரம் தாண்டினால் அதிர்ஷ்டம். வெளி இணைப்பில் 30 மில்லிஆம்பியர் மின்கசிவுக்கே துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் கட்டாயம். ஒவ்வொரு கேபிளும் சாதனத்துக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எல்லாம் பொருத்தியபின் உச்சி வேளையில் ஒரு மணி நேரம் தொடர்ந்து பொய் பில் போடுங்கள். இடையில் ஒருமுறை மெயின் பிளக்கைப் பிடுங்குங்கள், ஒருமுறை ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், ஒருமுறை ரோலை நடுவில் தீர விடுங்கள். ரோல் மாற்றியதும் பாதியில் நின்ற பில் தானாக மறுபடி வருகிறதா, இரண்டு தடவை வருகிறதா, காணாமல் போகிறதா என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்கு மெஷின் இது மாறும்.