பர்ஸில் அடங்கும் டார்ச்: தடிமன்தான் தலைவலி

பர்ஸில் வைக்கும் டார்ச்சை ஏடிஎம் கார்டு அளவில் செய்ய வேண்டும். கார்டின் அளவு 85.6 × 53.98 மி.மீ., தடிமன் 0.76. நீள அகலத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தடிமனை முடிவு செய்வது பேட்டரி. சிஆர்2032 என்ற காசு வடிவ செல் (காயின் செல்) 3.2 மி.மீ. தடிமன். அதை சர்க்யூட் போர்டின் மேல் ஒட்டினால் பர்ஸ் புடைக்கும். போர்டில் 20 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாக வட்டம் வெட்டி உள்ளே உட்கார வையுங்கள்.

வெள்ளை எல்இடிக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். செல்லும் 3 வோல்ட்தான், அதனால் கொஞ்சம் இறங்கியதுமே வெளிச்சம் மங்கிவிடும். அதே தடிமனில் 1.6 மி.மீ. சிஆர்2016 இரண்டை அடுக்கினால் 6 வோல்ட். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 9 மில்லிஆம்பியர். சாவித்துவாரம் தேட தாராளம். இதற்கு மேல் இழுத்தால் காயின் செல் தாங்காது, உள்மின்தடை அதிகம்.

மெல்லிய பை வடிவ லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஆசை வேண்டாம். பின்பாக்கெட்டில் வைத்து உட்கார்ந்தால் வளையும், உள்ளே ஷார்ட் ஆகலாம்.

பலரும் கோட்டை விடுவது சுவிட்சில். மேலே துருத்தும் பட்டன் பர்ஸுக்குள் தானே அமுங்கி, ராத்திரியோடு செல் காலி. சுவிட்சை மேற்பரப்பிலிருந்து அரை மி.மீ.யாவது உள்ளே தள்ளுங்கள், இல்லையா, இறுக்கமான ஸ்லைடு சுவிட்ச்.