நாக்கில் நெருடுவது எது?

சாக்லேட் நறநறத்தால் எல்லோரும் முதலில் சர்க்கரையைத்தான் குறை சொல்கிறார்கள். கொக்கோ பருப்பை வறுத்து, தோல் நீக்கி, சிறிய கல் கிரைண்டரில் நானே அரைக்கத் தொடங்கிய பிறகு அந்தத் தீர்ப்பில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஒரு துண்டை மெல்லாமல் வாயில் ஒதுக்கி வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் கரைந்துபோகும் நெருடல் சர்க்கரை. கடைசிவரை பல்லிடுக்கில் நிற்பது கொக்கோ துகள். வாயின் சூட்டில் மெல்லக் குழைந்து மறைவது கொழுப்பு.

சர்க்கரை கொக்கோ வெண்ணெயில், அதாவது கொக்கோ பருப்பிலுள்ள கொழுப்பில், கரையாது. எவ்வளவு நேரம் அரைத்தாலும் அது திடத் துகளாகத்தான் மிதக்கும். சிறிதாக்குவது ஒன்றே வழி. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போனால் நாக்கு கண்டுபிடித்துவிடும். இதை ஊகத்தில் விடாமல் திருகு அளவியால் அளக்கிறேன். ஒரு சொட்டுச் சாக்லேட்டை எண்ணெயில் நீர்க்கக் கலந்து, அளவியின் முகங்களுக்கிடையே தடவி மெதுவாகத் திருகினால், இருப்பதில் பெரிய துகளின் அளவு தெரியும். காலையில் 60 மைக்ரான் காட்டிய கலவை இரவில் 22க்கு இறங்கியிருந்தது. அத்துடன் நிறுத்திவிட்டேன். மேலும் மேலும் அரைத்தால் துகள்களின் மொத்தப் பரப்பு கூடி, அவற்றைப் போர்த்தக் கொழுப்பு போதாமல் கலவை பசைபோல் ஆகிவிடும். அளவுக்கு மீறிய மென்மையும் வாய்க்கு ஆகாது.

துகள் சிறிதானால் மட்டும் போதாது, ஒவ்வொன்றின் மீதும் கொழுப்பு படிய வேண்டும். 1879இல் சுவிட்சர்லாந்தில் ரோடால்ஃப் லின்ட் கண்டறிந்த கான்ச்சிங் முறையின் முக்கியப் பயன் இதுதான். நெடுநேரம் சூட்டோடு கிளறும்போது ஈரமும் புளிப்பு வாடையும் வெளியேறுகின்றன. கல் கிரைண்டரில் அரைப்பும் இதுவும் சேர்ந்தே நடப்பதால், கடைசிக் கட்டத்தில் மூடியைத் திறந்து வைக்கிறேன்.

ஈரம் என்ன செய்யும் என்பதை வேண்டுமென்றே சோதித்தேன். கிண்ணத்தில் உருகிய சாக்லேட்டில் சில துளி நீர் விட்டுக் கிளறினேன். பளபளப்பு மங்கி, கரண்டியைச் சுற்றித் திரண்டு, கட்டி கட்டியாக இறுகிவிட்டது. சர்க்கரையின் மேற்பரப்பு நனைந்து துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதே காரணம். வேடிக்கை என்னவென்றால், தாராளமாக வெந்நீர் ஊற்றியதும் அதே கலவை வழுவழுப்பான சாஸாக மாறியது. கேடு செய்வது கொஞ்சம் நீர்தான். இப்போது சர்க்கரையைக் குறைந்த சூட்டு அடுப்பில் உலர்த்திய பிறகே சேர்க்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை டெம்பரிங்: உருகிய சாக்லேட்டைக் கணக்காகச் சூடாக்கியும் ஆற்றியும் கொழுப்பைச் சரியான படிகமாக உறையவைப்பது. கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாகப் படிகமாகும். நமக்கு வேண்டியது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகும் ஐந்தாவது வகை. ஒரே கலவையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியை 48 டிகிரிவரை சூடாக்கி, 27க்கு இறக்கி, மீண்டும் 31க்கு ஏற்றி அச்சில் ஊற்றினேன். மறுபாதியை உருக்கி அப்படியே ஊற்றினேன். முதலாவது ‘டக்’கென்று உடைந்தது, சீராக உருகியது. இரண்டாவதில் கொழுப்பு சாம்பலாகப் பூத்தது. சில வாரங்களில் உட்புறமும் பொலபொலத்து, நாக்கில் குருணை தட்டியது. திருகு அளவியோ இரண்டுக்கும் 22தான் காட்டியது! அந்தப் பாதியை மறுபடி உருக்கி முறையாக டெம்பரிங் செய்ததும் குருணை இருந்த இடம் தெரியவில்லை.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த துண்டின் மேல் நீர் கோத்து, காய்ந்தபின் படியும் வெள்ளைப் பூச்சு வேறு. அது சர்க்கரை. விரலால் தேய்த்தாலும் சொரசொரப்பு போகாது.

அடுத்த கலவையில், துகள்கள் கொழுப்போடு எளிதில் கலக்க உதவும் லெசித்தினை அரை சதவீதத்துக்குள் சேர்த்து, கொக்கோ வெண்ணெயை எவ்வளவு குறைக்க முடிகிறது என்று பார்க்கப் போகிறேன்.