மூன்று லட்சத்தை நூற்று அறுபதால் வகுத்த கதை

2019 ஏப்ரல் 25 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (இறந்த பெரிய விண்மீன்களின் அடர்ந்த மிச்சங்கள்) மோதிய ஈர்ப்பு அலையை அமெரிக்காவின் லைகோ கருவி பதிவு செய்தது. இரண்டரை மணி நேரம் கழித்து, வானத்தின் அதே பகுதியிலிருந்து வந்த ஒரு வேக ரேடியோ வெடிப்பை, அதாவது மில்லி வினாடிக் கணக்கில் மின்னி மறையும் ரேடியோ அலையைக் கனடாவின் சைம் தொலைநோக்கி பிடித்தது. தற்செயலாக இப்படி அமைய வாய்ப்பு ஆயிரத்தில் ஐந்துதான் என்று 2023இல் ஓர் ஆய்வுக்கட்டுரை சொன்னது. எனக்கு அது போதவில்லை. இத்தகைய வெடிப்புகள் மோதல்களிலிருந்துதான் பிறக்கின்றன என்றால், இரண்டின் எண்ணிக்கையாவது ஒத்துப்போகிறதா பார்ப்போம் என்று எக்செல் தாளைத் திறந்தேன்.

வெடிப்புக் கணக்கு எளிது. 2021இல் வந்த சைம் பட்டியலில் 536 வெடிப்புகள். அதை வைத்து முழு வானத்துக்கும் கணித்தால், ஓரளவு பிரகாசமானவை மட்டும் நாளுக்குச் சுமார் 820 என்று அப்போது சொன்னார்கள். ஆண்டுக்கு மூன்று லட்சம்.

மோதல்களையோ ஒரு கன கிகா பார்செக்கில் (ஒரு கிகா பார்செக் என்பது சுமார் 326 கோடி ஒளியாண்டு) ஆண்டுக்கு இத்தனை என்றுதான் சொல்வார்கள். அப்போது கையில் இருந்த மதிப்பீடு 10 முதல் 1,700 வரை. ஆகவே என் மூன்று லட்சத்தையும் கன அளவால் வகுக்க வேண்டும். செம்பெயர்ச்சி (பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு; கூடக்கூடத் தொலைவும் கூடும்) 1 வரை போகலாம் என்று முடிவு செய்து, ஒளி பயணம் செய்த 790 கோடி ஆண்டுகளை அப்படியே தூரமாகப் போட்டேன். ஐயாயிரத்துச் சொச்சம் வந்தது. அப்புறம்தான் உறைத்தது: ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் பிரபஞ்சமும் விரிந்திருக்கிறதே! இன்றைய தூரம் சுமார் 1,100 கோடி ஒளியாண்டு, கன அளவு 160 கன கிகா பார்செக். வகுத்தால் 1,900.

1,700க்குப் பக்கத்தில் 1,900! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் ஓட்டை தெரிந்தது. அவ்வளவு தொலைவில் மங்கலான வெடிப்புகள் சைமின் கணக்குக்கே வராது. பெரும்பாலானவை செம்பெயர்ச்சி 0.5க்குள் என்று வைத்தால் கன அளவு 29. விடை பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. 2025இல் லைகோ கூட்டணி மோதல் விகிதத்தை 7.6 முதல் 250 வரை என்று சுருக்கியபோது கதை இன்னும் மோசமானது. எல்லா மோதலும் ஆளுக்கொரு வெடிப்பு கொடுத்து, அத்தனையும் நம் பக்கம் திரும்பியிருந்தாலும் வெடிப்புகளில் நூற்றுக்கு இரண்டரைதான் தேறும்.

மோதலில் மிஞ்சுவது ஒரு காந்த விண்மீனாக (மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீனாக) நிலைத்து, ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வெடித்தால் கணக்கு மாறலாம். ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் வரும் வெடிப்புகள் 2016 முதல் தெரிந்தவைதாம். ஆனால் 2019 ஜோடியின் மொத்த எடை 3.4 சூரியன், அது அவ்வளவு நேரம் கருந்துளையாகாமல் தாக்குப்பிடித்திருக்கும் என்று நம்புவது கடினம். அப்படியே பிடித்திருந்தாலும், சிதறிய பொருள் சுற்றிலும் அடர்ந்து கிடக்கும்போது ரேடியோ அலை எப்படி வெளியே வரும்?

என் தாளில் அந்த 1,900ஐ இன்னும் அழிக்கவில்லை. சிவப்பு அடித்து வைத்திருக்கிறேன்.