புதுச்சேரி வெயிலில் கோத் தியூ ரோன்: எத்தனை வருடம் வைக்கலாம்?

தென் பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கில் பல திராட்சைகளைக் கலந்து செய்யும் மலிவான சிவப்பு ஒயினை (கோத் தியூ ரோன் என்பது அதன் பெயர்) வருடக்கணக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டால், "வாங்கின வருஷமே குடிச்சிடணும்" என்பதுதான் இங்கே வழக்கமாக வரும் பதில். பாதிதான் சரி. பிரான்ஸில் 10, 12 யூரோவுக்கு விற்கும் கோத் தியூ ரோன், ஒழுங்கான பண்ணையில் செய்ததாக இருந்தால், 7, 8 வருடம் வரை மெருகேறிக்கொண்டே போகும். ஆனால் அவை 14 டிகிரியில் கழியும் வருடங்கள். புதுச்சேரி வீட்டு அலமாரியில் அதே பாட்டில் ஒரு கோடையைத் தாண்டினாலே பெரிது. அதனால் கையில் கொஞ்சம் பணம் இருந்தால் அடுத்த விலைப் படியில் உள்ள பாட்டிலுக்குப் போகாதீர்கள். அதே மலிவுப் பாட்டிலில் 6 வாங்கி, மிச்சத்தைக் குளிரூட்டச் செலவிடுங்கள்.

தெற்கு ரோன் கலவையில் மூன்று திராட்சைகள் முக்கியம்: கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர். பாட்டில் எத்தனை வருடம் தாங்கும் என்பது பெரும்பாலும் இவற்றின் விகிதத்தில் இருக்கிறது. கிரெனாஷ் இனிய பழ வாசனையும் நல்ல ஆல்கஹாலும் தரும். ஆனால் அதன் தோல் மெல்லியது, நிறம் குறைவு, காற்று பட்டால் சீக்கிரம் பழுப்பேறும். சிரா கறுத்த நிறமும் துவர்ப்பும் தரும். அதன் மிளகு வாசனை வெறும் ஒப்புமை இல்லை. மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற சேர்மமே சிராவிலும் இருப்பதை 2008-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டு சொன்னார்கள். மூர்வேத்ர் தடித்த தோல்காரன். தாமதமாகப் பழுக்கும், துவர்ப்பு அதிகம், காற்றை எதிர்த்து நிற்கும். ரோனுக்கு வெளியே, தென் பிரான்ஸின் பாந்தோல் பகுதிச் சிவப்பு ஒயினில் மூர்வேத்ர் பாதிக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த ஒயின்கள் பல வருடம் நிற்பதற்கு அதுவே முதல் காரணம்.

ஆகவே வைத்துக் குடிக்க வாங்குகிறவர் சிராவும் மூர்வேத்ரும் சேர்ந்து 40 சதவீதமாவது உள்ள கலவையைத் தேட வேண்டும். விகிதம் பின் லேபிளில் இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் இணையதளத்தில் கிடைக்கும். கிகால் நிறுவனத்தின் சிவப்பு கோத் தியூ ரோனில் சிராவே ஏறத்தாழ பாதி. பெரிய ஓக் பீப்பாய்களில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டுத்தான் அது பாட்டிலுக்கு வருகிறது. பெரிய அளவில் கிடைக்கும் மலிவு ஒயின்களில் வைப்புக்குத் தகுந்தது எது என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன். கிரெனாஷ் 80 சதவீதம் உள்ளதும், கார்பானிக் முறையில், அதாவது நசுக்காத முழுக் குலையாகக் காற்றில்லாத தொட்டியில் நொதிக்க வைத்துச் செய்ததும் இளசாகக் குடிக்கவே பிறந்தவை. மூன்று வருடத்துக்கு மேல் வைத்தால் பழம் போய், ஆல்கஹால்தான் மிஞ்சும்.

விளைந்த வருடத்தையும் பாருங்கள். தெற்கு ரோனில் 2010, 2015, 2016, 2019 நல்ல வருடங்கள். அந்த வருடங்களில் சாதாரணப் பண்ணையின் சாதாரணப் பாட்டிலுக்கும் உடம்பில் வலு இருக்கும். 2002-இல் அறுவடை நேரத்தில் வெள்ளம். 2013-இல் குளிர்ந்த வசந்தத்தால் கிரெனாஷ் பூ உதிர்ந்து விளைச்சல் சுருங்கியது. 2021 ஏப்ரலில் உறைபனி. வருடம் மோசமானால் விலை உயர்ந்த பண்ணை தேறாத திராட்சையை ஒதுக்கிவிடும். மலிவு ஒயினுக்கு அந்த வசதி குறைவு, எனவே அடி அங்கேதான் பலமாக விழும்.

அடைப்பானும் ஒரு தகவல் சொல்லும். இந்த விலையில் முழுக் கார்க்கைவிடப் பொடித்துச் சேர்த்த கார்க் அதிகம். அதில் டியாம் வகை என்றால் 3, 5, 10 என்று எண் போட்டிருப்பார்கள். அத்தனை வருடம் தாங்கும் என்பது கார்க் செய்தவரின் உத்தரவாதம். முதல் பாட்டிலைத் திறந்ததும் கார்க்கைத் தூக்கிப் போடாமல் படியுங்கள். 3 என்று இருந்தால் அந்த ஒயினைச் செய்தவரே அதை நீண்ட நாள் வைக்க நினைக்கவில்லை. பிளாஸ்டிக் கார்க் என்றால் இரண்டு வருடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

இனி வெயில். ஐரோப்பாவில் நிலத்தடி அறை குளிர்ந்திருப்பதற்கு மாயம் எதுவும் இல்லை. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். தெற்கு ரோனில் உள்ள அவிஞோன் நகரத்துப் பக்கம் அது 14, 15 டிகிரி. புதுச்சேரியில் 28. வெள்ளை நகரத்துப் பழைய வீட்டின் இரண்டடிச் சுவரும் மெட்ராஸ் டெரஸ் கூரையும் நண்பகல் உச்சத்தைத்தான் தடுக்கும், சராசரியைக் குறைக்காது. பள்ளம் தோண்டினால் நிலத்தடி நீர் வரும், குளிர் வராது. அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் மதுச் சாடிகளை வைத்து, ஈராயிரம் வருடம் முன்பே இங்கே ஒயின் இருந்ததே என்பார்கள். இருந்தது, ஆனால் பத்து வருடம் பக்குவப்படுத்த இங்கே கொண்டுவரவில்லை.

வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொது விதி. அப்படியானால் 14-க்குப் பதில் 30 டிகிரியில் வைத்தால் மூன்று மடங்கு வேகத்தில் பக்குவமாகி, 6 வருட வேலை 2 வருடத்தில் முடிந்துவிடுமே என்று தோன்றும். முடியாது. எல்லா வினைகளும் ஒரே விகிதத்தில் வேகம் எடுப்பதில்லை. துவர்ப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து மென்மையாவதற்குள் பழ வாசனை சிதைந்துவிடும், காப்புக்குப் போட்ட கந்தக டை ஆக்சைடு தீர்ந்துவிடும். கார்பைடு கல்லில் பழுத்த மாம்பழம் போல, நிறம் மாறியிருக்கும், ருசி வந்திருக்காது.

கார்க்கின் பாடு இன்னொன்று. 750 மில்லி பாட்டிலில் ஒயினுக்கும் கார்க்குக்கும் நடுவே உள்ள வெற்றிடம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் உயரம், கொள்ளளவில் 5 மில்லிக்குச் சற்றுக் குறைவு. 20 டிகிரியில் இருந்த ஒயின் 38-க்குப் போனால் அதே 5 மில்லி அளவுக்கு விரிகிறது. இடமில்லாமல் கார்க்கைத் தள்ளும், அல்லது கார்க் ஓரமாகக் கசியும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் இந்த ஏற்றமும் இறக்கமும் தினமும் நடக்கும்.

கடையில் வாங்கும்போதே இதைச் சோதிக்கலாம். கார்க்கின் தலை பாட்டில் வாய்க்கு மேலே உறையைத் தூக்கி நிற்கிறதா, உறையின் அடியில் பிசுபிசுப்பு இருக்கிறதா, ஒயின் மட்டம் பக்கத்துப் பாட்டிலைவிடக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். ஏசி இருக்கும் கடையிலும் இரவில் அதை அணைத்துவிடுவார்கள். ஆகவே அலமாரியில் நிற்பதை விட்டு, புதிதாகப் பிரித்த பெட்டியிலிருந்து கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் வாங்குவது நல்லது. மே மாதத்தில் வாங்கினால் கார் டிக்கியில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். கடலூர்க்காரர்கள் கவனிக்க: புதுச்சேரியில் வாங்கியதை எல்லை தாண்டி எடுத்துப்போனால் மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டுவீர்கள். அது ஒயினுக்கும் பொருந்தும்.

குளிரூட்ட என்ன வாங்குவது? ஒயின் கூலர் என்று விற்பதில் இரண்டு வகை. விலை குறைந்தது தெர்மோஎலக்ட்ரிக். பெரும்பாலும் அறையைவிட 12, 15 டிகிரிதான் இறக்கும். அறை 36 என்றால் உள்ளே 21-க்குக் கீழே போகாது, ஓய்வே இல்லாமல் ஓடிச் சீக்கிரம் பழுதாகும். இந்த ஊருக்குக் கம்ப்ரசர் வகைதான் சரி.

அதற்கும் செலவழிக்க மனம் இல்லையா? நல்ல நிலையில் உள்ள பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றும், வெளியே பொருத்தும் டிஜிட்டல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் ஒன்றும் போதும். கன்ட்ரோலரின் ரிலே கம்ப்ரசரின் ஆரம்ப ஆம்பியரைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டி இணையுங்கள். ஃப்ரிட்ஜின் சொந்தத் திருகை அதிகக் குளிரில் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு தெர்மோஸ்டாட்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். கன்ட்ரோலரில் 14 டிகிரி, வித்தியாசம் (எத்தனை டிகிரி ஏறியதும் மறுபடி ஓட வேண்டும் என்பது) 2, கம்ப்ரசர் தாமதம் (அணைந்த பின் மறுபடி ஓடுமுன் காத்திருப்பது) 5 நிமிடம் என்று வையுங்கள். சென்சாரை வெறும் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும் போதெல்லாம் கம்ப்ரசர் ஓடும். நடுத்தட்டுப் பாட்டிலின் உடம்பில் ஒட்டி, மேலே ஒரு தெர்மகோல் துண்டை வைத்து டேப் சுற்றுங்கள். ஃப்ரீசர் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே பாட்டில்களைப் படுக்க வையுங்கள். கதவைத் திறக்கும்போது நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய் வேர்த்து, சில மாதங்களில் லேபிளில் பூஞ்சை பிடிக்கும். ஒயினுக்குக் கெடுதல் இல்லை, ஆனால் எந்த வருடத்துப் பாட்டில் என்று படிக்க முடியாமல் போகும். லேபிள் மேல் கிளிங் ஃபிலிம் சுற்றினால் போதும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பின்பக்கக் கம்பிச் சுருளை மாதம் ஒரு முறை துடையுங்கள். உப்புக்காற்று அதை அரித்துவிடும்.

மின்வெட்டுக்கு அதிகம் பயப்பட வேண்டாம். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை நிரப்பி வைத்தால், கதவைத் திறக்காதவரை சூடு மெதுவாகவே ஏறும். நம் பக்கம் நீண்ட மின்தடை வருவது புயலில். தானே 2011 டிசம்பர் 30-இல் கரை கடந்தது, ஃபெஞ்சல் 2024 நவம்பர் இறுதியில். அந்த மாதங்களில் அறையே 25, 27 டிகிரிதான். சில நாள் அந்தச் சூட்டில் இருந்தால் ஒயின் கெடாது. மே மாதத்து எட்டு மணி நேர வெட்டில்தான் கதவைக் கண்டிப்பாக மூடியே வைக்க வேண்டும். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போலத் தண்ணீர் நிற்கும் இடங்களில் தரைத்தள வீடு என்றால், ஃப்ரிட்ஜை ஓரடி உயர மேடையில் ஏற்றிவிடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால் பாட்டிலுக்குள் நடப்பது இது. விளைந்த வருடத்திலிருந்து 3 வருடம் வரை நாவல்பழமும் மிளகும் முன்னால் நிற்கும், துவர்ப்பு ஈறில் பிடிக்கும். 3, 4 வருடத்தில் சிலது வாயை மூடிக்கொள்ளும். பழம் ஒடுங்கியிருக்கும், பக்குவ வாசனை இன்னும் வந்திருக்காது. ஒயின் செத்துவிட்டது என்று மிச்சப் பாட்டில்களைத் தள்ளிவிடுவது பலரும் இந்தக் கட்டத்தில்தான். ஒரு வருடம் பொறுங்கள். 5 முதல் 8 வரை அதன் நல்ல காலம். நிற மூலக்கூறும் துவர்ப்பு மூலக்கூறும் இணைந்து பெரிதாகி, ஒரு பகுதி அடியில் வண்டலாக இறங்கும், நாக்கில் வழவழப்பு வரும். காய்ந்த அத்திப்பழம், தோல் பை, காய்ந்த மூலிகை, மழை பட்ட மண் என்று வாசனை திரும்பும். மிளகு மட்டும் தங்கும். 9-க்கு மேல் இறங்குமுகம், மூர்வேத்ர் அதிகம் இருந்தால் 12 வரை இழுக்கும்.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய கிளாஸை வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். ஊதா என்றால் இளசு. செம்மணி நிறம் என்றால் தாராளமாகத் திறக்கலாம். செங்கல் நிறம் விரல் அகலத்துக்கு மேல் படர்ந்திருந்தால் மிச்சப் பாட்டில்களை அந்த வருடமே முடியுங்கள். 6 பாட்டில் வாங்கினால் வருடத்துக்கு ஒன்று என்று சமமாகப் பிரிக்காதீர்கள். ஒன்றை உடனே, ஒன்றை நான்காம் வருடத்தில், மீதியை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே.

திறப்பதற்கு ஒரு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் சேரட்டும். 8 வருடத்துக் கார்க் நடுவில் உடையக்கூடும். அதனால் சுருள் திருகியைவிட இரண்டு தகடு உள்ள கார்க் எடுப்பான் நல்லது. கைபேசி விளக்கைக் கழுத்துக்குக் கீழே காட்டி ஜக்கில் மெதுவாக ஊற்றுங்கள், வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். 3 வருடத்து ஒயினுக்கு ஒரு மணி நேரம் காற்று நல்லது. 8 வருடத்துக் கிரெனாஷ் கலவையை ஊற்றியதும் குடிக்கத் தொடங்குங்கள், அரை மணியில் வாசனை ஓடிவிடும். சூடு 16 முதல் 18 டிகிரி. கூலரிலிருந்து எடுத்த 14 டிகிரி பாட்டில், நம் அறையில் சற்று நேரத்திலேயே அந்தச் சூட்டுக்கு வந்துவிடும்.

முதலில் கந்தக நெடியோ ரப்பர் வாசனையோ வந்தால் பதறாதீர்கள். சிராவுக்கும் மூர்வேத்ருக்கும் அது சகஜம், கிளாஸைச் சுழற்றினால் கலையும். ஈர அட்டை வாசனை கார்க்கிலிருந்து வந்த கெடுதல், அது போகவே போகாது. பழம் வேகவைத்த வாசனையும் உடனடிக் கசப்பும் சூட்டில் அடிபட்டதற்கு அடையாளம். அதே பெட்டியின் மற்றப் பாட்டில்களையும் சந்தேகியுங்கள். குதிரைத் தொழுவ வாசனை பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட்டின் வேலை. லேசாக இருந்தால் சிலருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது, பழத்தை மறைத்துவிடுகிறது.

காரம் இந்த ஒயினின் ஆல்கஹாலைத் தூக்கிக் காட்டும். இளசான பாட்டிலுக்கு மிளகுக் கறி வறுவல் தாங்கும். வயதான பாட்டிலுக்கு மிளகாய் குறைத்து வடவம் தாளித்த ஆட்டுக்கறி, அல்லது தேங்காய்ப்பால் சேர்த்த இளங்குருமா.

பாதி மிஞ்சும் என்று முன்பே தெரிந்தால் 375 மில்லி காலிப் பாட்டிலில் வாய் வரை நிரப்பி, மூடி இறுக்கி, சாதா ஃப்ரிட்ஜில் வையுங்கள். திறந்த உடனே நிரப்ப வேண்டும், குடித்து முடித்த பிறகு நிரப்பினால் பலன் இல்லை. இளசு இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். 8 வருடத்துப் பாட்டிலை அப்படி வைக்க வேண்டாம், அதைத் திறக்கும் அன்று நான்கு பேரைக் கூப்பிட்டுவிடுங்கள்.