63 டிகிரி

மார்ச் 3, திங்கள்

போர்க் சாப் (எலும்போடு வெட்டிய பன்றிக்கறித் துண்டு), ப்ரோக்கோலி. அண்ணன் பாதிக்கு மேல் சாப்பிடவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

சாப் வறண்டுபோவதெல்லாம் பயத்தால்தான். பன்றிக்கறி உள்ளே துளி சிவப்பு இருந்தாலும் ஆபத்து என்று நினைத்து, சாறு முழுக்க வற்றும்வரை அடுப்பிலேயே விட்டுவிடுகிறோம். அமெரிக்க வேளாண் துறை 2011-லேயே முழுத் துண்டுகளுக்கான அளவை 71 டிகிரி செல்சியஸிலிருந்து 63-க்குக் குறைத்துவிட்டது. அடுப்பிலிருந்து எடுத்து மூன்று நிமிடம் அப்படியே வைக்க வேண்டும், அவ்வளவுதான். கொத்துக்கறிக்கு மட்டும் இன்னமும் 71.

வீட்டில் உடம்பு தேறாத ஒருவர் இருக்கும்போது கண்ணை நம்பிச் சமைக்க மனம் வரவில்லை. தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில், எலும்பில் படாமல், நடு மாமிசம் வரை செருகினேன். 58, 60, 61. எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் வேறு எந்த நினைப்பும் வராது. அதற்காகவே இந்தச் சமையல் எனக்கு வேண்டியிருக்கிறது. 63 வந்ததும் எடுத்துவிட்டேன். வெட்டிப் பார்த்தால் நடுவில் லேசான ரோஸ் நிறம், தட்டில் சாறு.

முழுத் துண்டையும் சாப்பிட்டார்!

மார்ச் 5, புதன்

ஃபோன் வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று முழுக்க ப்ரோக்கோலிக் கவலை. வேகவைத்த அரைக் கப்பில் சுமார் 110 மைக்ரோகிராம் வைட்டமின் கே. ரத்தம் உறைய உதவுவது அந்த வைட்டமின். ரத்தம் உறையாமலிருக்க அண்ணன் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை தடுத்து வைப்பதும் அதே வைட்டமினின் வேலையைத்தான். அப்படியானால் நிறுத்திவிடலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். நிறுத்தவும் வேண்டாம், திடீரென்று கூட்டவும் வேண்டாம், எப்போதும் ஒரே அளவாக இருக்கட்டும், மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்றார். அதனால் தராசு வாங்கியாயிற்று. தினமும் 80 கிராம். தண்டையும் தோல் சீவிச் சேர்க்கிறேன், பூவைவிட அதுதான் இனிப்பு.

உப்புத் தண்ணீரில் சாப்பை ஊறவைத்தால் மெத்தென்று வரும். ஆனால் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களே! ஈரத்தைத் துடைத்துவிட்டு மிளகு, பூண்டு மட்டும் போட்டேன். துடைக்காமல் வாணலியில் போட்டால் முதலில் அந்த ஈரம் ஆவியாக வேண்டும், அதுவரை மேல்பக்கம் சிவக்காது. ஓரக் கொழுப்பை இரண்டு இடத்தில் கீறிவிட்டு, இடுக்கியால் பிடித்து விளிம்பில் நிறுத்தினால் கொழுப்பு உருகி வாணலிக்கு அதுவே எண்ணெயாகிவிடுகிறது.

மார்ச் 7, வெள்ளி

சமைக்கவில்லை. ரொட்டி.

மார்ச் 10, திங்கள்

ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) 2.4! இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றார்கள், சரியாக நடுவிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓவனை 220-க்கு வைத்து ப்ரோக்கோலியை இடைவெளி விட்டுப் பரப்பினேன். நெருக்கிப் போட்டால் வறுபடாது, அவிந்துதான் போகும். நுனியெல்லாம் கருகலாக, மொறுமொறுவென்று. எலுமிச்சையைத் தட்டில் வைத்த பிறகுதான் பிழிந்தேன். முன்பே பிழிந்தால் புளிப்பு பட்டுப் பச்சை மங்கிவிடும்.

அண்ணன் எலும்பைக் கையில் எடுத்துக் கடித்தார். எத்தனை நாளாயிற்று இதைப் பார்த்து!

மார்ச் 11, செவ்வாய்

2.4. பாத்திரம் கழுவும்போதும் 2.4.

மார்ச் 12, புதன்

மத்தியானத்திலிருந்து பேச்சே இல்லை. மூச்சு வாங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். ப்ரோக்கோலி 80 கிராமில் 50-ஐ ஒதுக்கிவிட்டார். மீதியை நாளைக்குக் கூட்டிக் கொடுப்பதா, விட்டுவிடுவதா? யாரிடம் கேட்பது இந்த நேரத்தில்? சாப் 63-இல்தான் எடுத்தேன், அதில் சந்தேகமே இல்லை.

மார்ச் 13, வியாழன்

காலையில் ரத்தம் எடுக்க வருகிறார்கள். இரண்டு சாப்பையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், நாளை சாயங்காலத்துக்குள் இளகிவிடும்.