டேமேஜ் ஆனது காரா, நீங்களா?

சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் பக்கத்துல 17 வருஷமா டைப்பிங் சென்டர் வெச்சிருக்கேன். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் உண்டு, ஆனா பாதிப் பேர் வர்றது லெட்டர் அடிக்கத்தான். இன்சூரன்ஸுக்கு, ஸ்டேஷனுக்கு, பேங்குக்குன்னு கையால எழுதிட்டு வர்ற பேப்பர்ல திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை கண்ணுல படும், டேமேஜ். வண்டி இடிச்சாலும் டேமேஜ், கை ஒடிஞ்சாலும் டேமேஜ், பேர் கெட்டாலும் டேமேஜ். இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை முடிஞ்ச கையோட வேளச்சேரியிலேர்ந்து ஒரு சார் வந்தாரு, ரிட்டையர் ஆனவரு. நோட்டுல கிழிச்ச பேப்பர், ஓரமெல்லாம் ஈரம் காஞ்சு மொறமொறன்னு இருந்துச்சு. அதுல நல்ல குண்டு குண்டு கையெழுத்துல, "ஐ வாஸ் ஹெவிலி டேமேஜ்டு இன் தி ஃப்ளட், கைண்ட்லி கிவ் டேமேஜஸ்"னு எழுதியிருந்தாரு. சார், உங்களுக்கு எங்கயாவது அடி பட்டுச்சான்னு கேட்டேன். "இல்லம்மா, நாங்க மூணாவது மாடி, காருதான் கீழ நின்னுச்சு"ன்னாரு.

அவரு மேல தப்பே இல்ல. நம்ம தமிழ்ல யோசிச்சுப் பாருங்க, "உயிர்ச்சேதம், பொருட்சேதம்"னு ரெண்டுக்கும் ஒரே சேதம்தான் சொல்றோம், புயல் நியூஸ்ல "உயிர்ச்சேதம் ஏதும் இல்லை"ன்னு வாசிச்சா யாருக்கும் உறுத்தாது. அதுக்கு மேல பாதிப்புன்னு ஒரு வார்த்தை வெச்சிருக்கோம், அது மனுஷன், மாடு, வீடு, வேலை, மனசு எல்லாத்தையும் சேத்து அள்ளிக்கும். அந்தப் பழக்கத்துல இங்கிலீஷ் எழுதும்போது சேதம்னா டேமேஜ், பாதிப்புன்னாலும் டேமேஜ்னு கை தானா போயிடுது. ஆனா இங்கிலீஷ்காரன் அடி பட்டது யாருக்கு, எதுக்குன்னு பாத்துதான் வார்த்தையைப் பிரிச்சு வெச்சிருக்கான். பொருளுக்குன்னா டேமேஜ். ஆளுக்குன்னா இஞ்சுரி. நம்ம ஊர்ல காருக்கு அடின்னும் சொல்லுவோம், ஆனா காருக்குக் காயம்னு யாரும் சொல்றதில்லல்ல, அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க. உடம்புக்குள்ள ஒரு உறுப்பைச் சொல்லும்போது மட்டும் டேமேஜ் வரும், லிவர் டேமேஜ், நெர்வ் டேமேஜ்னு டாக்டரே எழுதுறாரு. அங்கயும் கெட்டுப்போனது அந்த உறுப்பு, முழு ஆளு இல்ல.

அடுத்து அந்த டேமேஜஸ். கடைசியில ஒரு ஸ் சேந்தா நிறைய சேதம்னு அர்த்தம் வரும்னு நினைச்சு எல்லாரும் போடுறாங்க. டேமேஜுக்குப் பன்மையே கிடையாது, பம்பர், கதவு, சீட்டு எல்லாம் போயிருந்தாலும் அது டேமேஜ்தான். டேமேஜஸ்னா ஒருத்தர் செஞ்ச தப்புக்கு கோர்ட்டு போடச் சொல்ற நஷ்டஈட்டுப் பணம். சார் கேட்க வந்தது க்ளெய்ம், அவரு பேப்பர்ல எழுதியிருந்தது இன்சூரன்ஸ் கம்பெனி ஏதோ தப்பு பண்ணி அவரு கேஸ் போட்ட மாதிரி. இது சின்ன விஷயம்னு நான் நினைக்கல. ஒரு ஆபீஸ்ல உக்காந்து நாளைக்கு நூறு பேப்பர் படிக்கிறவங்க நம்ம முகத்தைப் பாக்கப்போறதில்ல, அந்த வார்த்தையைத்தான் பாப்பாங்க.

சரி, லெட்டருக்கு வர்றேன். "கார் இஸ் டேமேஜ்டு"ன்னு திருத்தி அடிச்சுக் கொடுத்திருந்தா இலக்கணம் சரியா இருந்திருக்கும், ஆனா அதுவும் பத்தாது. வெள்ளத்துல நின்ன காருக்கு இன்சூரன்ஸ்ல பெரிய தகராறே இன்ஜின் மேலதான் வரும். தண்ணி ஏர் இன்டேக் வழியா சிலிண்டருக்குள்ள போயிருக்கும்போது சாவியைத் திருகினா, பிஸ்டன் மேல ஏறும், காத்து அமுங்குற மாதிரி தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அப்படி ஆனா, அது வெள்ளம் பண்ணின டேமேஜ் இல்ல, நீங்க ஸ்டார்ட் பண்ணதால பின்னாடி வந்த கான்சிக்வென்ஷியல் லாஸ்னு சொல்லி சாதாரண பாலிசியில தள்ளிவிட இடம் இருக்கு, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் தனியா எடுத்திருந்தாத்தான் அதுக்குக் காசு. பாருங்க, டேமேஜுக்கும் லாஸுக்கும் நடுவுல எவ்வளவு பணம் நிக்குதுன்னு. சார்கிட்ட ஸ்டார்ட் பண்ணீங்களான்னு கேட்டேன், தொடவே இல்லம்மா, அப்படியே டோ பண்ணி ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனோம்னாரு. போன்ல போட்டோ காட்டினாரு, வெள்ளைக் கார், கதவுல பாதி உயரத்துக்கு சேத்துக் கோடு ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி நேரா ஓடுது, உள்ள சீட்டு நுரை ஊறி உப்பிப்போய் இருக்கு. அப்ப அதைத்தான் எழுதணும் சார்னு சொல்லி, நிறுத்தி வெச்ச இடத்துல தண்ணி சீட்டு மட்டம் வரைக்கும் ஏறுச்சு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணல, சீட்டு, வயரிங், கார்பெட் நனைஞ்சிருக்குன்னு வரி வரியா அடிச்சுக் கொடுத்தேன். அந்த லெட்டர்ல டேமேஜ்ங்கிற வார்த்தை ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு, அதுவும் சப்ஜெக்ட் லைன்ல.

நான் கத்துக்கிட்டதுல பெரிசுன்னா இதுதான்னு சொல்லுவேன். டேமேஜுக்கு அழகான வேற வார்த்தை தேடுறதை விட என்ன ஆச்சுன்னு சொல்ற வார்த்தையைத் தேடணும். நசுங்கினா டென்ட், கீறினா ஸ்க்ராட்ச், விரிசல்னா க்ராக், கிழிஞ்சா டார்ன், கருகினா சார்டு. தமிழ்ல நமக்கு இது எல்லாமே நாக்கு நுனியில இருக்கு, பாத்திரக் கடையில ஒரு குடத்தை எடுத்துப் பாத்து "இங்க நசுங்கியிருக்கு, இங்க ஓட்டை"ன்னு டக்குனு சொல்ற நம்ம அம்மாக்கள் யாரும் "குடம் பாதிக்கப்பட்டிருக்கு"ன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. இங்கிலீஷ்னு வந்தவுடனே மட்டும் ஏன் அந்தக் கண்ணை மூடிக்கிறோம்னு தெரியல.

போலீஸ், கோர்ட்டு விஷயம்னா இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும், அங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு செக்ஷன் நிக்குது. பஸ் கண்ணாடியை உடைச்சா போடுற 1992 தமிழ்நாடு சட்டத்தோட பேர்லயே டேமேஜ், லாஸ் ரெண்டும் தனித்தனியா இருக்கு. ஆளை அடிச்சா அது ஹர்ட், கை கால் எலும்பு முறிஞ்சா க்ரீவியஸ் ஹர்ட், நம்ம ஸ்டேஷன் தமிழ்ல கொடுங்காயம். எலும்பு முறியலன்னாலும் கடுமையான வலியோட இல்ல வழக்கமான வேலையைப் பாக்க முடியாம இத்தனை நாள் கிடந்தா அதுவும் கொடுங்காயம்தான், பழைய இந்தியத் தண்டனைச் சட்டமான ஐபிசியில அது 20 நாள், அதுக்குப் பதிலா 2024 ஜூலை 1லேர்ந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல 15 நாள். ஒரு பையன், டெலிவரி வேலை, அடிதடியில மோதிர விரல் எலும்பு முறிஞ்சு கட்டோட வந்தான், "மை ஹேண்ட் டேமேஜ்டு அக்கா, அப்படியே அடிச்சிடுங்க"ன்னான். எந்தக் கை, எந்த விரல், எத்தனை நாள் வேலைக்குப் போகல, ஆஸ்பத்திரியில ஏஆர் காப்பி, அதாவது காயத்தைக் குறிச்சு வெக்கிற ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரோட நகல், வாங்கினியான்னு ஒவ்வொண்ணா கேட்டுத்தான் அடிச்சேன், அவன் 18 நாள் வண்டி எடுக்கலங்கிறது அப்பதான் வெளிய வந்துச்சு.

இஞ்சுரிங்கிற வார்த்தை மட்டும் சட்டத்துக்குள்ள போனா இன்னும் விரிஞ்சுக்கும். உடம்பு, மனசு, பேரு, சொத்து, இதுல எதுக்கு சட்டவிரோதமா கெடுதல் பண்ணாலும் இஞ்சுரின்னுதான் சட்டம் சொல்லுது. லத்தீன்ல அதோட வேர் நியாயமில்லாததுன்னு அர்த்தம் தர்ற வார்த்தை, அதனால அந்த விரிவுல ஒரு பொருத்தம் இருக்குன்னு எனக்குத் தோணும். வூண்ட்னா வெட்டு, குத்து, குண்டு மாதிரி தோல் கிழிஞ்ச புண்ணு, ஆக்சிடென்ட்ல அடி பட்டவங்களைப் பொதுவா வூண்டடுன்னு எழுதுறதில்ல, இஞ்சுர்டுதான்.

கடைசியா ஹார்ம். நம்ம தீங்குக்குக் கிட்டத்துல வர்ற வார்த்தை அது, ரத்தம் வரணும்னு இல்ல, வெளிய தெரியணும்னு இல்ல. போன மாசம் ஒரு பொண்ணு மத்தியானம் கூட்டம் இல்லாத நேரமா பாத்து வந்துச்சு, பையைக் கீழ வைக்கவே இல்ல, மடியிலயே இறுக்கிப் புடிச்சிருந்துச்சு. "என் லைஃபே டேமேஜ் ஆயிடுச்சுன்னு ஒரு பெட்டிஷன் போடணும் மா"ன்னு சொல்லுச்சு. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல உடம்போ மனசோ, ஹார்ம், இஞ்சுர், எண்டேஞ்சர்னு மூணு வார்த்தை வரிசையா இருக்கு, அந்த மூணுல எது எப்ப நடந்துச்சுன்னு கேட்டு எழுதினாத்தான் பெட்டிஷன் நிக்கும். டீ வாங்கிக் கொடுத்து ஒண்ணொண்ணா கேட்டேன். சம்பள கார்டு யார்கிட்ட இருக்கு, அம்மா வீட்டுக்கு எத்தனை மாசமா விடல, எந்தத் தேதியில கை நீட்டினாரு. ரெண்டு பக்கம் வந்துச்சு, டேமேஜ் எங்கயும் இல்ல.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். விரலை வரிக்குக் கீழ வெச்சு மெதுவா படிச்சுட்டு வந்து ஒரு இடத்துல நிறுத்துச்சு. "இங்க புஷ்டுன்னு போட்டிருக்கீங்க மா, அவரு தள்ளல, முடியைப் புடிச்சு ரூம்லேர்ந்து ஹால் வரைக்கும் இழுத்தாரு"ன்னுச்சு. புஷ்டை அழிச்சுட்டு ட்ராக்டுன்னு போட்டு, முடியையும் ரூமையும் ஹாலையும் சேத்து, மறுபடி பிரிண்ட் எடுத்தேன். "ஆமா, இதுதான்"னு சொல்லிட்டு பேனா கேட்டுச்சு.